கிளீவ்லாண்ட் பாலத்துக்குள்ள சொல்லிரு

இல்ல, நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. உங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். காலைல நான் டிரெய்லர் கதவப் பூட்டிக்கிட்டு இருக்கறப்ப வந்து என் சட்டைக் காலரப் புடிச்சிக்கிட்டு சொன்னா... “லென்னி, எந்த லா காலேஜுன்னு அவனே முடிவு பண்ணட்டும். நீ வாயத் திறக்காம வண்டிய மட்டும் ஓட்டு.” சரின்னேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்னேன். பேசினேனா? நம்ம ஊர் ஈரில வண்டி கெளம்பினதுலேர்ந்து நேத்துப் பெஞ்ச மழையப் பத்தித்தான் பேசிட்டு வர்றேன். மழை, டயரு, அப்பறம் அந்தக் கொலம்பஸ் காலேஜ்ல மரமெல்லாம் எவ்ளோ அடர்த்தியா இருக்குங்கறது. மரத்தப் பத்திப் பேசினா அது யோசனை சொல்றதாடா? மரம் பொது.

நீயும் பேசமாட்டேங்கற. ஜன்னல்ல மூஞ்சிய ஒட்ட வெச்சிக்கிட்டு, என்னமோ போலீஸ் புடிச்சிட்டுப் போற ஆள் மாதிரி வர்ற. “பேசாம இருக்க உனக்கு உரிமை உண்டு”ன்னு எவனாச்சும் படிச்சிக் காட்டினானா? சரி, இரு. பேச்சு பேச்சா இருக்கட்டும். கிளீவ்லாண்ட் பாலம் வர்றதுக்குள்ள சொல்லிடறேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கே. பாலம் தாண்டினதும் ரோடு ரெண்டாப் பிரியும், ஒண்ணு கொலம்பஸ் போகும், ஒண்ணு சிகாகோ போகும். நீ எதுவுமே சொல்லலன்னா நான் கொலம்பஸ் பக்கம் திருப்பிருவேன். நேத்து ராத்திரி சாப்பிடறப்பவே இத சொல்லிட்டேன். அப்பவும் நீ வாயத் திறக்கல. தட்டுல இருந்த உருளக்கெழங்க மசிச்சிக்கிட்டே இருந்த. அது ஏற்கெனவே மசிச்ச உருளக்கெழங்கு.

நான் கேக்கறேன், உலகத்துல எவனாவது இப்படிக் கெளம்புவானா? ரெண்டு காலேஜுக்கும் வர்றேன்னு சொல்லி ரெண்டு சீட்டையும் புடிச்சி வெச்சிருக்கே. நாளைக்குக் காலைல ரெண்டு எடத்துலயும் புதுசா சேர்றவங்களுக்கு வரவேற்பாம். பின்னாடி கட்டிலு, மேஜை, உன் புஸ்தக மூட்டை, எல்லாம் ஏத்தியாச்சு. எந்த ஊருன்னு மட்டும் டிரைவருக்குத் தெரியாது.

ஏய், அந்தப் பைய ஒதைக்காதே, உங்கம்மா கட்டிக் குடுத்தது. கொலம்பஸ் நாலு மணி நேரப் பயணம். அதுக்கு என்னென்ன வெச்சிருக்கா பாரு... உருளக்கெழங்கு வெச்ச கொழுக்கட்ட மாதிரி அந்த பியரோகி ரெண்டு டப்பா, ஹாம் சாண்ட்விச்சு, அவிச்ச முட்டை, ஒரு ப்ளாஸ்க்ல காப்பி, இன்னொரு ப்ளாஸ்க்லயும் காப்பி. போருக்கு அனுப்பறாளா படிக்க அனுப்பறாளா? “கொலம்பஸ்ல என் தங்கச்சி டோரி சோறு போடமாட்டாளா?”ன்னு கேட்டேன். டப்பாவ அழுத்தி மூடிக்கிட்டே இருந்தா. இந்த வீட்டுல யாருமே எனக்குப் பதில் சொல்றதில்ல, ஏன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரிஞ்சதில்ல.

டோரி அத்தை உனக்காக மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டா, தெரியுமில்ல? நீலம். சின்ன வயசுல உனக்கு நீலம் புடிக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு கேக்காதே. காலேஜுக்கு நடந்தே போயிரலாம். வெள்ளிக்கெழம கிளாஸ் முடிஞ்சி கெளம்பினேன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுல இருப்பே. சிகாகோவுல என்ன இருக்கு? எவனோ உன் ஃப்ரெண்டு ஒருத்தன், அவன் ரூம்ல பாதி. அந்தப் பாதில சைக்கிள் வேற நிக்குதாம்.

சரி சரி, அத விடு. எனக்கு ஆத்திரம் வர்றது வேற. போன வருஷம் இதே சிகாகோ காலேஜுக்கு அப்ளை பண்ணியே, என்ன சொன்னாங்க? நுழைவுத் தேர்வு மார்க் பத்தாதுன்னு ஒத்த வரில கதவ சாத்தினாங்க. அப்ப உன்ன வா ராசான்னு கூப்பிட்டது நம்ம பக்கத்துல இருக்கற சின்ன காலேஜுதான். அங்க ஒரு வருஷம் படிச்சி வகுப்புல மொத ஆளா வந்துட்டே. உடனே சிகாகோக்காரங்களுக்குப் பாசம் பொங்கிருச்சு. ரெண்டாம் வருஷத்துக்கு எங்ககிட்ட வந்துருங்க தம்பின்னு. முன்வாசல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டவங்க இப்ப கொல்லப்பக்கமா வந்து கையப் புடிச்சி இழுக்கறாங்க. ஏன்னு நீதானே சொன்னே? ரெண்டாம் வருஷத்துல வந்து சேர்றவனோட நுழைவு மார்க்க காலேஜ் தரவரிசைக்குக் கணக்குல எடுக்கமாட்டாங்களாம். உன் பழைய மார்க்கு வெளிய நிக்கும், உன் ஃபீஸு மட்டும் உள்ள வரும். கெட்டிக்காரங்கப்பா. வக்கீலுக்கே பாடம் சொல்ற எடமாச்சே.

தெரியும், கொலம்பஸ்காரங்களும் அதேதான் பண்ணாங்கன்னு சொல்வே. பண்ணாங்க. நான் இல்லேங்கல. ஆனா அவங்க சிரிச்சிக்கிட்டே பண்ணாங்க. பாக்கப் போனப்ப எனக்கு ஒரு தொப்பி குடுத்தாங்க.

இன்னொண்ணு எனக்குப் புரியவே இல்ல. காலேஜ விட்டுப் போகணும்னா அதே காலேஜ் வாத்தியார்கிட்டதான் நல்லவன்னு எழுதி வாங்கணுமாமே? எந்த ஊர் நியாயம் இது? ரோட்டுல பனி வழிக்கற வண்டி ஓட்டறவன் நான், கராஜ்ல போய் எங்க சூப்பர்வைசர்கிட்ட, “சார், நான் பக்கத்து ஜில்லாவுல பனி வழிக்கப் போறேன், இந்த மாதிரி ஆளே கெடைக்கமாட்டான்னு நீங்களே எழுதிக் குடுங்க”ன்னு கேட்டா மண்வெட்டியாலயே அடிப்பான். நீ போய் அந்த வான்டர்மீர் வாத்தியார் முன்னாடி நின்ன. அவர் பாவம், உன்னக் காட்டித்தான் அடுத்த வருஷம் நாலு பசங்கள சேர்க்கலாம்னு இருந்திருப்பாரு. மனுஷன் அப்பவும் ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுத்தாரு. உங்கம்மா படிச்சிட்டுக் கண்ணத் தொடச்சிக்கிட்டா. நான் படிச்சேன்... இவ்ளோ நல்லா எழுதியிருக்காரே, இவன எப்படியாவது தள்ளிவிட்டாப் போதும்னு நெனக்கறாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். மொறைக்காதே. சும்மா சொன்னேன்.

அதோட அந்த மொத ரேங்கு? அதெல்லாம் டிரெய்லர்ல ஏறாது. இங்கயே எறக்கி வெச்சிட்டுப் போகணும். புது எடத்துல போய் நின்னா நீ யாருன்னே யாருக்கும் தெரியாது. அங்க எல்லாருமே அவன் அவன் ஊர்ல மொதல்ல வந்தவன். வகுப்புல இத்தன பேருக்குத்தான் நல்ல கிரேடு குடுக்கணும்னு அளவு வேற போட்டு வெச்சிருக்காங்க. நீ மேல ஏறணும்னா எவனாவது கீழ எறங்கணும். இங்க ராஜா மாதிரி இருந்தே. அந்த சட்டப் பத்திரிகைல உனக்கு எடம் வெச்சிருந்தாங்க. நூலகத்துல உன் நாற்காலில வேற யாரும் உக்காரமாட்டாங்கன்னு நீயே சொன்னே. அதெல்லாம் விட்டுட்டு...

விட்டுட்டு எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு நெனச்சிக்காதே. அந்த சிகாகோ காலேஜ்ல ஒரு இலவச வக்கீல் ஆபீஸ் இருக்கு, வேலைல அடிபட்டவங்க வருவாங்க, படிக்கற பசங்களே கோர்ட்டுல நின்னு அவங்களுக்காகப் பேசலாம்னு ஈஸ்டர் அன்னிக்கு சொன்னே. கராஜ்ல என்கூட வண்டி ஓட்டற டுவேனுக்குத் தோள்பட்டை போனப்ப இன்சூரன்ஸ்காரங்க அவன அலையவிட்டாங்களே, அந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு. அன்னிக்கு நீ மூச்சு விடாமப் பேசினே. நான் ஹாம் கறிய அறுக்கறத நிறுத்திட்டுக் கேட்டேன். என் வீட்டுல நான் இல்லாம இன்னொருத்தன் அவ்ளோ நேரம் பேசினது அதுதான் மொதத் தடவ... சரி, அப்படி ஆபீஸ் கொலம்பஸ்லயும் இருக்கும். இல்லாமயா போகும். தேடினா இருக்கும்.

கராஜ்ல ஓட்டெடுப்பே நடத்தினோம், சொன்னேனா? காப்பி நேரத்துல. எல்லாரும் கொலம்பஸ். ஒருத்தன் மட்டும் சிகாகோ. யாரு? டுவேனேதான். எங்க போடறதுன்னாலும் எனக்கு எதிராத்தான் போடுவான் அவன். “பையன் பறக்கட்டும் லென்னி”ங்கறான். பறக்கறதுக்கு என்ன, கொலம்பஸ்லயும் ஆகாசம் இருக்கு. பெரிய பெரிய வக்கீல் கம்பெனியெல்லாம் சிகாகோ காலேஜுக்கே வந்து ஆளெடுக்குதாம், அதுவும் இப்பவே, இந்த மாசமே. படிப்பு முடிய ரெண்டு வருஷம் கெடக்கு, இப்ப வந்து கோட்டு போட்டுக்கிட்டு உக்காருன்னு. எங்க கராஜ்ல பனி விழற அன்னிக்குக் காலைல ஆளெடுப்பாங்க. அவன் ஓட்டுவானா மாட்டானான்னு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிரும்.

ஓட்டறதப் பத்தி என்கிட்ட யாரும் பேசக்கூடாது. ஏரிலேர்ந்து பனி அடிச்சி, முன்னாடி ரோடு இருக்கா வானம் இருக்கான்னே தெரியாத நாள்லயெல்லாம் நான் வண்டி எடுத்திருக்கேன். ஒரு திருப்பத்த விட்டதில்ல. தபால் பெட்டி ஒண்ணக்கூட இடிச்சதில்ல. சரி, ஒண்ணு. அது அந்தம்மா ரோட்டு மேலயே நட்டு வெச்சிருந்தா. டுவேன் கூட ஒத்துக்குவான், “லென்னிக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் கரெக்டா திரும்புவான்”னு.

ஆங், வந்துட்டோம் பாரு. கிளீவ்லாண்ட் டவர் தெரியுது. சொல்றதா இருந்தா இப்ப சொல்லிரு... நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல... இரு, இந்த சிமெண்ட் லாரிக்காரன் எங்க வந்து நுழையறான்... போ ராசா, நீ மொதல்ல போ... என்னமோ சொல்ல வந்தேனே. ஆங், பேசாம இருக்கறது. நீ பேசாம இருக்கறதப் பாத்ததும் எனக்கு அந்த மீன்பிடி பத்திரிகை ஞாபகம் வந்திருச்சு. போன செப்டம்பர். கேக்காமயே ஒரு புஸ்தகம் வந்துச்சே வீட்டுக்கு, ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் புடிக்கறதப் பத்தி. நல்ல புஸ்தகம். நான் படிச்சேன். அடுத்த மாசமும் வந்துச்சு. படிச்சேன். அப்பறம் ஒரு கடுதாசி வருது, “நீங்கள் வேண்டாமென்று சொல்லாததால் சந்தாதாரர் ஆகிவிட்டீர்கள், பணம் அனுப்பவும்”னு. உங்கம்மா என்னத் திட்டறா. நான் பர்ஸ எடுத்துட்டேன். கம்பெனிக்காரன் சொல்லிட்டானே, கட்டித்தானே ஆகணும்.

என்னடா நெளியற? பாத்ரூமா? அடக்கிக்கோ, இங்கெல்லாம் நிறுத்த முடியாது. கத முக்கியமான எடத்துல இருக்கு.

நீ அப்ப வான்கோழி கால கையில புடிச்சிக்கிட்டு நிக்கற. நவம்பர்ல அந்த நன்றி சொல்ற நாள், எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காங்க. டோரி அத்தை கூட இருந்தா. நீ லா காலேஜ் சேந்து மூணு மாசம்தான் ஆச்சு. என்ன சொன்னே? “அப்பா, காச உள்ள வை. ஒருத்தன் பேசாம இருந்தா அவன் ஒத்துக்கிட்டான்னு ஆயிராது. வேணும்னு சொன்னாத்தான் வேணும். இது மொத வருஷப் பாடம்.” கோழிக் கால ஆட்டி ஆட்டி சொல்றே, ஜட்ஜு மாதிரி. நான் பர்ஸ உள்ள வெச்சேன். அவங்களுக்கு நீதான் பதில் எழுதிப் போட்டே. அதுக்கப்பறம் அவங்க மூச்சு விடல. அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கராஜ்ல ஒருத்தன் பாக்கி விடாம சொன்னேன். ஸ்டோர் ரூம் ஆளுக்கு ரெண்டு தடவ சொன்னேன். அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம், மொதத் தடவ கோழிக் கால் அவனுக்கு சரியாப் புரியல. என் பையன் சொன்னான், என் பையன் சொன்னான்னு... டுவேன் அப்பத்தான் சொன்னான், “தோள்பட்டை போனப்ப இவன் வக்கீலா இருந்திருக்கக் கூடாதா”ன்னு. அந்த வாரம் முழுக்க நான் சும்மாவே பாடிக்கிட்டு வண்டி ஓட்டினேன். உங்கிட்ட இத நான் சொன்னதில்ல. இப்ப சொல்றேன். எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சு.

அந்த போர்டு என்னடா அது?

அந்த ரோலர் கோஸ்டர் போர்டு. சாண்டஸ்கி பார்க்குன்னு போட்டிருக்கு. அது ஏன் இங்க இருக்கு? கோடைக்குக் கோடை உன்னக் கூட்டிட்டு வந்த பார்க்குடா அது. நீ பாப்கார்ன் சாப்பிட்டுட்டு என் செருப்பு மேல வாந்தி எடுத்த எடம். அந்த போர்டு கொலம்பஸ் ரோட்டுல கெடையாது. சிகாகோ ரோட்டுலதான்...

பாலம் எப்படா தாண்டினோம்?

நீ பாத்தியா? தலைய ஆட்டாதே, பாத்தியா இல்லியா? கொலம்பஸ்னு போட்டு வீட்டு அகலத்துக்குப் பச்சை போர்டு வெச்சிருப்பானே, அதப் பாத்தியா? பாத்துட்டு சும்மாவா இருந்தே? அதான் நெளிஞ்சியா... நான் பாத்ரூம்னு நெனச்சேன்டா. நான் இங்க கோழிக் கால் கதைய விட்டு வெளாசிக்கிட்டு இருக்கேன், நீ மூச்சப் புடிச்சிக்கிட்டு என் டர்ன் போறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே. ஆகஸ்ட் மாசம். பளிச்சுன்னு வெயில். பனித் துளி ஒண்ணு கெடையாது. டுவேனுக்கு இது தெரியவே கூடாது. கேட்டியா? டுவேனுக்குத் தெரிஞ்சா நான் வேலைய விட்டுருவேன்.

எடு போன. உங்கம்மாவக் கூப்பிடு, உன் பையன் பண்ணத நானே சொல்றேன்... ஏன் எடுக்கல? என்ன? என்ன முழிக்கற?

அவளுக்குத் தெரியும்.

ஆமால்ல... ரெண்டு ப்ளாஸ்க்கு. ரெண்டு டப்பா பியரோகி. இது நாலு மணி நேரத்துக்குக் கட்டின சாப்பாடு இல்ல. இது சிகாகோ வரைக்கும் கட்டினது. டப்பாவ மூடறப்பவே அவளுக்குத் தெரியும். என்னக் காலரப் புடிச்சி வாயத் திறக்காதேன்னு சொன்னவ... எனக்கு மட்டும்தான் தெரியாது. டோரி பெயிண்ட் அடிச்சிட்டு உக்காந்திருக்கா.

இல்ல, கோவமில்ல. கஷ்டமா இருக்கு, அவ்ளோதான். நீ அங்க போறது இல்லடா. நீ போவேன்னு ஈஸ்டர் அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருச்சு, அதனாலதான் இவ்ளோ பேசினேன். என்கிட்ட சொல்ல உனக்கு ஒரு எடம் கெடைக்கலியே, அதுதான். சொல்லலாம்னுதான் இருந்தேங்கறியா? எப்ப? நான் மூச்சு வாங்கறப்பவா?... ம். சரி. மூச்சு வாங்கல. அது என் மேலதான் தப்பு.

ஆனா ஒண்ணு கேளு, வக்கீலய்யா. அடுத்த எக்ஸிட் வருது, ரெண்டு மைல். எறங்கி வண்டியத் திருப்பினா ராத்திரி சாப்பாட்டுக்கு டோரி வீட்டுல இருக்கலாம். நேத்து நான் கொலம்பஸ்னு சொன்னப்ப நீ பேசாம இருந்தே. பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா ஆயிராது. சரி, உன் சட்டப்படியே வர்றேன், அது செல்லாது. அதே சட்டம் உனக்கும் உண்டுல்ல? பேசாம உக்காந்தே என்ன சிகாகோவுக்கு ஓட்ட வெச்சிரலாம்னு பாக்காதே. அதுவும் செல்லாது. வேணும்னு சொன்னாத்தான் வேணும். நீ கோர்ட்டுல நின்னு டுவேன் மாதிரி ஆளுங்களுக்காகப் பேசப் போறவன், பக்கத்து சீட்ல இருக்கற உங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை பேசு.

நான் வாய மூடிக்கிட்டேன். பாரு.

ஒரு மைல்.

...

ஜன்னல்கிட்ட இல்ல. என்கிட்ட.

...

கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா.

...ம்.

அவ்ளோதானே. இத சொல்லவா இத்தன மாசம்?

சரி, நேரா உக்காரு. டோரிக்கு நீயே போன் போட்டு சொல்லு, என்னால முடியாது. பெயிண்ட் நல்லா இருக்குன்னும் சொல்லு. அந்த இலவச ஆபீஸ்ல நீ எடுத்துப் பேசற மொத கேஸுக்கு நான் வந்து பின்வரிசைல உக்காருவேன். பேசமாட்டேன். பேசமாட்டேன்னு சொல்றேன்ல, சிரிக்காதே.

போயிருச்சு பாரு எக்ஸிட்டு. இது நான் பாத்துட்டேதான் விட்டது. டுவேன் கேட்டா அப்படியே சொல்லு. இப்ப அந்த டப்பாவ எடு, பியரோகி ஆறிப்போனா நல்லா இருக்காது.